சேணர்கள் பிறக்கும் விதம்

ஜனவரி 9, வெள்ளி

இன்று நான் சொல்லாதது: முடியாது.

வேறு சிலவும் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. என்னவென்று தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று சொல்லவில்லை. கோமதி அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதபோது, எதற்கு அழுகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

காலையில் அத்தையும் கோமதி அக்காவும் குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். அத்தை என் மாமியார், அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் என் மகள் மித்ராவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அத்தை மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காசை நீட்டி, "இதப் புடி அம்மிணி" என்றார். கையெல்லாம் சட்னி. அவசரமாகத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். சாமி அறையில் வைக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். அத்தை என் நெற்றியில் திருநீறு பூசினார். அக்கா அழ ஆரம்பித்தார்.

மத்தியானம் என் கணவர் கோகுல்தான் விளக்கினார். இந்தக் குடும்பத்தில் பெரிய உதவியை வாய்விட்டுக் கேட்பதில்லையாம். கேட்டு, மற்றவர் மறுத்துவிட்டால் அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் துணியில் காசு முடிந்து, அந்த முடிப்பைக் கையில் கொடுப்பார்கள். இஷ்டமில்லாதவர்கள் கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லி நழுவிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நான் கையைத் துடைத்துவிட்டு வாங்கியிருக்கிறேன்.

கேட்கப்பட்டது இதுதான். கோமதி அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். ஐந்து கருக்கள் கலைந்துவிட்டன. கருப்பை இனிமேல் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அவருடையதும் அவர் கணவர் பெரிய மாமாவுடையதுமாக நாலு கருக்கள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் உறைநிலையில் இருக்கின்றன. சுமக்க இன்னொருத்தி வேண்டும். பணம் கொடுத்து ஆள் பிடிக்கச் சட்டம் விடாது. கல்யாணமாகி ஒரு குழந்தை பெற்றவளாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் அப்படி ஒருத்திதான் இருக்கிறாள்.

ஜனவரி 11, ஞாயிறு

வேலை ஓடவில்லை. சென்னையில் ஓர் ஆடியோ கதை நிறுவனத்துக்கு எட்டுப் பகுதி விண்வெளித் தொடர் எழுதித் தருகிறேன். மூன்று முடிந்துவிட்டன. பூமியிலிருந்து போன கப்பல், சேணர்கள் என்ற இனம் வாழும் கிரகத்தில் இறங்கியாகிவிட்டது. நான்காம் பகுதியில் சேணர்கள் எப்படிப் பிறக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். இது டிசம்பரிலேயே முடிவானது. முடிப்புக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கல்லூரி நாளிலிருந்து இந்த வகைக் கதைகளைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். எத்தனை சூரியன்கள், எத்தனை விதமான கப்பல்கள். ஆனால் பிறப்பு என்று வந்தால் ஒரு சில வழிகளையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். முதலில் கண்ணாடித் தொட்டி. வரிசை வரிசையாகக் குழந்தைகள் மிதக்கும், வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வெப்பநிலையைப் பார்த்துவிட்டுப் போவார். வலி கிடையாது, ரத்தம் கிடையாது, தாய் கிடையாது. பிறகு தேன்கூட்டு ராணி. ஒருத்தி பெற்றுக்கொண்டே இருப்பாள், மற்றவர்கள் சுமை தூக்குவார்கள். கடைசியில் அவளைக் கொல்வதற்குப் பூமியிலிருந்து ஒரு வீரன் வருவான். பால் மாறும் இனங்கள் வரும் கதைகளில்தான் எனக்குப் பிரியம். இந்தப் பருவத்துக்கு நீ, அடுத்த பருவத்துக்கு நான். அங்கே யாரும் யாரையும் ஏளனமாகப் பார்க்க முடியாது.

மிகப் பெரிய பயங்கரம் என்று எல்லோரும் சொல்வது வேறொன்று. மனிதனின் உடம்புக்குள் வேற்றுக்கிரகப் பிராணி முட்டை வைத்துவிடும். அது அவன் சாப்பாட்டைத் தின்று வளரும், விலா எலும்பை உதைக்கும், ஒரு நாள் அவனைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். விடுதியில் அப்படி ஒரு படம் பார்த்தபோது தோழிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு அப்போதும் புரியவில்லை, இதில் வேற்றுக்கிரகம் எங்கே இருக்கிறதென்று.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். எந்தக் கதையிலும் பிறந்ததற்கு மறுவாரம் என்பது இல்லை. கிழித்துக்கொண்டு வந்தது ஓடிவிடும், கதையும் அதன் பின்னால் ஓடிவிடும்.

ஜனவரி 14, புதன். போகி

பழைய பாயும் துணியும் எரித்தார்கள். மித்ரா புகைக்கு இருமிக்கொண்டே சிரித்தாள்.

கம்பளிகளை வெயிலில் போட மாடிக்குப் போக வேண்டியிருந்தது. மொட்டை மாடிக் கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்கும். சாவி கோமதி அக்காவின் இடுப்பில். கேட்டால் கொடுக்க மாட்டார், தானே கூட வந்து திறந்துவிடுவார். நான் காயப்போட்டு முடிக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பப் பூட்டிக்கொண்டு இறங்குவார். குரங்கு வரும் என்பது காரணம். ஈரோட்டில் எங்கள் தெருவில் நான் இன்னும் ஒரு குரங்கைப் பார்க்கவில்லை.

மித்ரா பிறந்த வருடத்திலிருந்துதான் இந்தப் பூட்டு.

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் சந்தடி ஓய்ந்தது. நான்காம் பகுதி முடிந்தது. எழுதி முடித்ததும் முதலில் கோமதி அக்காவுக்குத்தான் படித்துக் காட்டுவேன். அவர் பத்தாவதோடு நிறுத்தியவர். இந்த வீட்டில் நான் எழுதுவதை வேலை என்று ஒப்புக்கொள்ளும் ஒரே ஆள். முடிப்புக்குப் பிறகு படித்துக் காட்ட வேண்டாம் என்றிருந்தேன். அவரே சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

சேணர்களில் ஒரு பிறப்புக்கு மூன்று பேர் வேண்டும். வித்துக் கொடுப்பவர், கருக் கொடுப்பவர், மூன்றாவதாகச் சுமப்பவர். சுமப்பவருக்கு ஏந்தி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஏந்தியின் முதுகில் ஒரு பை இருக்கும். மூன்று நிலாக்காலம் சுமந்து, குழந்தையை மற்ற இருவரிடம் கொடுத்துவிடும். இதை டிசம்பரிலேயே குறித்துவைத்தேன் என்று மறுபடியும் எழுதுகிறேன்.

அக்கா உரித்துக்கொண்டே கேட்டார். "மூணு பேரும் ஒரே ஊட்லயா இருப்பாங்க?"

நான் யோசிக்கவில்லை என்றேன்.

"அதெல்லாம் யோசிக்காம என்ன கதை எழுதற? செரி, பாலு யாரு குடுப்பா?"

அதையும் யோசிக்கவில்லை. பூமியின் தலைசிறந்த மூளைகள் பலவற்றின் புத்தகங்களைப் படித்திருக்கிறேன். அவர்களும் யோசிக்கவில்லை.

"முதுகுல பைய வெச்சுட்டு மல்லாக்கப் படுக்க முடியாதே. பாவம், அது எப்புடித் தூங்கும்?" என்றார் அக்கா. பிறகு சிரித்தார். முடிப்புக்குப் பிறகு அவர் அதிகம் சிரிக்கிறார்.

மித்ரா பிறந்த மறுமாதத்திலிருந்து ஐந்து மாதம் அவளுக்குப் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தது அக்காதான். நான் அம்மா வீட்டில் ஓய்வில் இருந்தேன். அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஜனவரி 21, புதன்

காலையில் என் தட்டில் இரண்டு அவித்த முட்டை இருந்தது. மற்றவர்கள் தட்டில் ஒன்று. வைத்தது யாரென்று தெரியும். சாப்பிட்டேன்.

ஜனவரி 24, சனி

ஜெரால்ட் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். தொடருக்குத் தயாரிப்பாளர் அவர்தான். "மேடம், மூணு பேர் கான்செப்ட் சூப்பர். ஆனா ஏலியனுக்குப் பிரசவ வலியெல்லாம் வெச்சீங்கன்னா ஃபேமிலி ஆடியன்ஸ் ஸ்கிப் பண்ணிடுவாங்க. பேசாம முட்டை போட விட்டுருங்க, நீட்டா இருக்கும்."

ஆறாம் பகுதியில் ஏந்தி செத்துப்போனால் நன்றாக இருக்குமாம். தியாகம் என்றால் கேட்பவர்கள் அழுவார்கள், அழுதால் அடுத்த பகுதிக்கு வருவார்கள். ஏந்தி சாக வேண்டாம், வேறொன்று வைத்திருக்கிறேன் என்று பதில் போட்டேன். எதை வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கடையிலிருந்து வந்த கோகுலிடம் பேசினேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அவர் கெட்டவர் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார்.

"எதுக்குப் பயம்? மித்ராவுக்கு நீ ஆஸ்பத்திரியில மூணே நாள்தான் இருந்த. டாக்டரே ஆச்சரியப்பட்டாங்க."

அதுக்கு அப்புறம், என்றேன்.

"அப்புறந்தான் அம்மா வீட்ல நல்லா ரெஸ்ட் எடுத்தியே."

அந்த ஐந்து மாதத்தில் அவர் ஞாயிறுதோறும் வந்தார், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அவர் மித்ராவைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஓய்வெடு என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவார். நல்ல மனிதர்.

வேண்டாமென்றால் நீயே அத்தையிடம் சொல்லிவிடு, அண்ணன் விஷயத்தில் தான் எப்படி வாய் திறப்பது என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன், நான் எப்படி வாய் திறப்பது என்று.

ஜனவரி 28, புதன்

கோயம்புத்தூர். எல்லோரும் காரில் போனோம். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். உடம்பு என்னைக் கைவிட்டுவிட்டது.

பிறகு ஆலோசகர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். மேசை ஓரத்தில் பாதி சாப்பிட்ட தயிர்சாதம். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். யாராவது வற்புறுத்துகிறார்களா? இல்லைங்க. கணவருக்குச் சம்மதமா? ஆமாங்க. முதல் பிரசவம் எப்படி? சுகப்பிரசவம்.

"அதுக்கப்புறம் தூங்குனீங்களா? சும்மா சும்மா அழுகை, பயம், குழந்தைய ஏதாச்சும் பண்ணிருவோமோன்னு நெனப்பு, அந்த மாதிரி?"

கேட்ட தொனி எவ்வளவு சாதாரணமாக இருந்தது. தக்காளி கிலோ எவ்வளவு என்பதுபோல. மூன்று வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. இப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்பதே, அது காதில் விழுந்தபோதுதான் தெரிந்தது.

"நல்லாத்தான் இருந்தேங்க" என்றேன்.

கதவின் கண்ணாடி வழியாக கோமதி அக்கா தெரிந்தார். மடியில் மித்ரா தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா முதுகை நேராக வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

ஆலோசகர் நான் பார்த்த பக்கம் பார்த்தார். "வெளிய இருக்கறவங்கள மனசுல வெச்சுட்டு பதில் சொல்ல வேண்டாம். கையெழுத்து இன்னைக்கு வாங்க மாட்டேன். தோணும்போது கூப்பிடுங்க" என்று ஒரு கார்டு கொடுத்தார். அதைக் கைப்பையின் உள்ளறையில் வைத்தேன்.

வீடு திரும்பும் வழியில் அத்தை எல்லோருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரி 30, வெள்ளி

தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

ஆறாம் பகுதி. எழுதி எழுதி அழிக்கிறேன்.

ஏந்தியைச் சாக விட முடியவில்லை. செத்துவிட்டால் எல்லோருக்கும் வசதி. அதற்கு ஒரு நடுகல் நட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். உயிரோடு இருக்கிற ஏந்தியைத்தான் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. இதுவரை யாருமே எழுதாத கிரகம் அதுதானோ என்று நினைக்கிறேன், பெற்றதற்கு மறுநாள். அங்கே காற்று இருக்கிறதா என்று போய்ப் பார்த்து வந்து சொன்னவர் இல்லை.

மத்தியானம் அத்தை பஞ்சாங்கம் பார்த்து, கரு வைக்கப் பங்குனியில் நல்ல நாள் இருக்கிறதென்று சொன்னார். ஆஸ்பத்திரிக்கு ஏது பஞ்சாங்கம் என்று பெரிய மாமா சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

பிப்ரவரி 5, வியாழன்

இதை வரிசையாக எழுத முயல்கிறேன்.

நாலு மணிக்கு அக்கா துணி எடுக்க மாடிக்குக் கூப்பிட்டார். மித்ரா கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா கொடியிலிருந்து துணிகளை இறக்கிக் கட்டைச்சுவர் நிழலில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார். "ஆறாவது ஆயிடுச்சா? படி, கேக்கலாம்" என்றார். முடியவில்லை என்றேன். முடிந்தவரை படி என்றார். கைபேசியில் இருந்ததைப் படித்தேன்.

குழந்தையைக் கொடுத்த பிறகு ஏந்தி ஒரு குகைக்குள் போகிறது. முதுகுப் பை காலியாகி வற்றித் தொங்குகிறது. மற்றவர்கள் குகை வாசலில் உணவை வைத்துவிட்டுப் போகிறார்கள். களைப்பு, ஒரு பருவத்தில் சரியாகிவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள். உள்ளே வெளிச்சம் வந்தால் ஏந்திக்குத் தாங்க முடியவில்லை. வெளியே குழந்தை அழும் சத்தம் கேட்டால் அது சுவரோடு ஒட்டிக்கொள்கிறது.

அக்காவின் கை நின்றது. "கொழந்தைய அது பாக்கவே பாக்காதா?"

"பாக்கும். ஆனா கிட்டக் கொண்டுவர வேண்டாம்னு சொல்லும்."

"ஏன், புடிக்காதா?"

"ரொம்பப் புடிக்கும். தன்னோட கையப் பாத்துத்தாங்க்கா அதுக்குப் பயம். இந்தக் கை என்ன பண்ணும்னு அதுக்கே தெரியல."

அக்கா மித்ராவின் பாவாடையை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"ஏன் தாரணி, அதுக்கு வாயில்லையா? சொல்ல வேண்டியதுதானே?"

"இருக்குங்க்கா. யாராச்சும் கேட்டாச் சொல்லும்."

அவர் கட்டைச்சுவரைத் திரும்பிப் பார்த்தார். தெருவைப் பார்த்த பக்கத்து மூலையை. பிறகு என்னைப் பார்த்தார். "அன்னைக்கு நான் துணி எடுக்க வரலீன்னா" என்று ஆரம்பித்தார்.

"மேகமா இருக்குதுங்க்கா, கீழ போயிரலாம்" என்றேன்.

பிப்ரவரி மாதம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அக்கா எழுந்தார். மடித்த துணிகளை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டினார். படிக்கட்டு இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், மூன்று வருடம் முன்பு பிடித்துக்கொண்டு இறங்கிய மாதிரியே.

அன்றைக்கு அவருடைய மற்ற கையில் மித்ரா இருந்தாள். இதற்கு மேல் எழுதவில்லை.

பிப்ரவரி 7, சனி

ராத்திரிச் சாப்பாடு. எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா பரிமாறி முடித்துவிட்டு, தட்டில் கை வைக்காமல் சொன்னார். மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம். உறைய வைத்திருந்த நாலும் கெட்டுப்போய்விட்டனவாம். இனிமேல் ஒன்றும் பண்ண முடியாதாம்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். பெரிய மாமா எழுந்துவிட்டார். காலையில் கோயம்புத்தூர் போய் அவர்களைக் கேட்காமல் விடப்போவதில்லை என்றார். "வேண்டாமுங்க. போனா மட்டும் வந்துருமா? எனக்குக் குடுத்து வெக்கல, உட்டுருங்க" என்றார் அக்கா. குரல் நடுங்கவே இல்லை. ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அக்கா மட்டும் ஒரு கணம் பார்த்தார். வெண்டைக்காய்ப் பொரியல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார், சாப்பிடு என்பதுபோல.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை எழுதிவைக்க வேண்டும். உடம்பு முழுக்க இளகிவிட்டது. ஒரு வாய் சாதம்கூடச் சாப்பிட்டேன். இதிலிருந்து வெளியே வந்துவிடலாம், ஒரு வார்த்தை பேசாமல், யாரிடமும் கெட்ட பெயர் வாங்காமல். அத்தை அழுதுகொண்டே, வருஷா வருஷம் அந்த ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிற பணத்தையாவது நிறுத்து என்று பெரிய மாமாவிடம் சொன்னார். அவர் தலையாட்டினார். அப்போதுதான் உறைத்தது. கட்டாமல் விட்டால் பொய் நிஜமாகிவிடும். நாலும் நிஜமாகவே போய்விடும். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

"கெட்டுப் போகலீங்க" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நாலும் நல்லாத்தான் இருக்கு. என்னால முடியாதுங்க அத்தை. எனக்காக அக்கா பொய் சொல்றாங்க."

"தாரணி, பேசாம இரு" என்றார் அக்கா.

அத்தைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "முடிப்ப வாங்குனியே, அம்மிணி. கையத் தொடச்சுட்டு வாங்குனியே."

என்னவென்று தெரியாமல் வாங்கினேன் என்றேன்.

"தெரிஞ்சப்பறமாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கணுங்க."

ஏன் முடியாது என்று பெரிய மாமா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். மித்ரா பிறந்த பிறகு நான் ஓய்வில் இல்லை, நோயில் இருந்தேன் என்றேன். மாடியில் ஒரு நாள் அவளை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன், அக்கா வந்து வாங்கிக்கொண்டார் என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடிக்க இவ்வளவு குறைந்த வார்த்தைகள் போதும் என்று எனக்குத் தெரியாது.

கோகுல் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே இருந்தார். அது வழிந்து மேசையில் ஓடி, விளிம்பிலிருந்து அவர் வேட்டியில் சொட்டியது.

பிப்ரவரி 8, ஞாயிறு

அத்தை பேசவில்லை. பெரிய மாமா காலையிலேயே வெளியே போய்விட்டார். கோகுல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுந்து, மறுபடி வந்து உட்கார்ந்தார். "நான் லைட்ட அணைச்சுட்டுப் போயிட்டேன்ல" என்றார். ஆமாம் என்றேன்.

அக்கா சமையலறையில் இருந்தார். போய் நின்றேன். வெங்காயத்தையும் கத்தியையும் என் பக்கம் தள்ளினார். நெடுநேரம் நறுக்கினோம்.

"நான் ஒரு வழி பண்ணி வெச்சேன். நீ எதுக்கு வாயத் தொறந்த?" என்றார்.

"உங்களுக்கு வேற யாராச்சும் கெடைப்பாங்க. நாலும் இருந்தாத்தானே?"

அவர் நறுக்கியதை வழித்துக் குழம்பில் போட்டார். குழம்பு கொதித்து, இறக்கிவைத்த பிறகு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்குத் தெரியாம இருந்து கேட்டிருந்தாப் பரவால்ல. எனக்கு எல்லாந் தெரியும். தெரிஞ்சேதான் அத்தை கையில முடிப்பக் குடுத்து உட்டேன். நேர்ல கேட்டா உன்ற மொகத்தப் பாக்கணுமில்ல."

என்மேல் அவருக்கு வருத்தம் இருக்கிறது. தன்மேலும் இருக்கிறது. இரண்டில் எது போய் எது தங்கும் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

அக்கா நாலு நாளாகத் தேவைக்கு மேல் பேசவில்லை. இன்று மத்தியானம் கேட்டார், "அந்த ஏந்தி என்ன ஆச்சு?"

இன்னும் குகையில்தான் இருக்கிறது என்றேன்.

"எத்தன நாளைக்கு உள்ளயே வெச்சிருப்ப? யாரையாச்சும் உள்ள அனுப்பு."

கார்டை எடுத்து ஆலோசகரைக் கூப்பிட்டேன். எனக்காக.

டிசம்பர் 13, ஞாயிறு

பத்து மாதமாக இதில் எதுவும் எழுதவில்லை. நடந்தவற்றை மட்டும் குறித்துவைக்கிறேன்.

தொடர் ஏப்ரலில் வந்தது. ஆறாம் பகுதியில் கருக் கொடுத்த சேணர் குகைக்குள் போய் ஏந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கினாயா என்று கேட்கிறது. ஜெரால்ட் அதைப் பாதியாக வெட்டிவிட்டார். மீதி இருந்ததற்கு மூன்று பெண்கள் கடிதம் எழுதினார்கள்.

ஆலோசகரை நாலு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறை கோகுலும் வந்தார். மாடிக் கதவுச் சாவி இப்போது சமையலறை ஆணியில் தொங்குகிறது. அக்காதான் மாட்டினார். அத்தை என்னோடு பேசுகிறார். ஆனால் எதையும் என் கையில் நேராகக் கொடுப்பதில்லை, மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்.

மே மாதம் அக்கா பவானிக்குப் போய்த் தன் சித்தி மகள் பரிமளாவைக் கேட்டார். முடிப்பு கொண்டுபோகவில்லை. நேரில் உட்கார்ந்து வாயால் கேட்டார். பரிமளா யோசிக்க வேண்டும் என்றாள், யோசித்துவிட்டுச் சரி என்றாள். ஆகஸ்டில் வைத்த கரு நிற்கவில்லை. அக்டோபரில் வைத்தது நின்றிருக்கிறது. இன்னும் இரண்டு மீதி இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி நான் பரிமளாவைப் பார்க்கப் போகிறேன். போனதும் தூங்கினாயா என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் நல்லாத் தூங்குனேனுங்க்கா என்பாள். இன்று இல்லீங்க்கா என்றாள். கடைசி பஸ் வரை அவளோடு இருந்துவிட்டு வந்தேன்.